மூன்று கோட் அடித்தும் பழைய பச்சை தெரிகிறதே!

கேள்வி: 2019-ல் ஹாலுக்கு இரண்டு கோட் எமல்ஷன் அடித்தோம், நன்றாக மூடியது. இந்த வருஷம் அதே கம்பெனியில் விலை குறைந்த ரகம் வாங்கினோம். அதுவே அன்றைய விலையைத் தாண்டிவிட்டது. மூன்று கோட் அடித்தும் பழைய பச்சை தெரிகிறது. விலையை ஏற்றி, தரத்தையும் குறைக்கிறார்களா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானதுதான், அம்மா. 31 வருஷமாகப் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சுவரை மூடுவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. மணவாளக்குறிச்சி கடற்கரைக் கருமணலில் இருக்கிறதே இல்மனைட், அதிலிருந்து எடுப்பது. நல்ல வெள்ளை எமல்ஷனின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான். விலை கூடிய சரக்கும் இதுதான். பொடியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் பைண்டர், கச்சா எண்ணெய் வழியாக வருவது. இவை ஏறினால் உயர்ந்த ரகத்தில் விலை ஏறும். அடிமட்ட ரகத்தில் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது, வாங்குகிறவர் இன்னும் மலிவான டிஸ்டெம்பருக்குப் போய்விடுவார். அதனால் அங்கே டைட்டானியமும் பைண்டரும் குறைந்து, மலிவான சுண்ணாம்புக்கல் பொடிதான் கூடும்.

2021 அக்டோபரில் ஒரு மாடி வீட்டுக்கு மெட்டீரியலோடு ரேட் பேசினேன். நவம்பர், டிசம்பரில் விலை ஏறிக் கையைக் கடித்தது. ஒரு ரகம் கீழே இறங்கி வாங்கினேன். எல்லா அறைக்கும் மூன்றாவது கோட் தேவைப்பட்டது. மிச்சம் பிடித்தது கூலியில் போனது. அடுத்த வருஷமே, சுவரில் கை வைத்தால் வெள்ளையாக ஒட்டுகிறது என்றார் வீட்டுக்கார அம்மா. என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வாளி வாங்கும் முன் ஒரு லிட்டர் டப்பாவில் சோதித்துவிடுவேன். அட்டையில் கறுப்பு எனாமலால் பட்டை போட்டுக் காயவிடுங்கள். அதன்மேல் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் கழித்து ஈரத்துணியால் ஒற்றுங்கள். மறைந்திருந்த பட்டை ஈரத்தில் மறுபடி தெரிந்தால், அதை மறைத்தது டைட்டானியம் அல்ல. சுண்ணாம்புப் பொடிக்கு நடுவே நின்ற காற்று; அந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் மறைப்பு போய்விடுகிறது.

சரி, உங்கள் ஹாலுக்கு வருவோம். அதே வாளியில் நான்காவது கோட் வேண்டாம். சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். பொடி வந்தால் உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிட்டு, வெள்ளை பிரைமர் ஒரு கோட், அப்புறம் ஒரு ரகம் மேலே உள்ள எமல்ஷன் இரண்டு கோட். மிச்ச வாளியை ஸ்டோர் ரூமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.