13+ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: என் அண்ணி எட்டு மாதங்களுக்கு முன்பு புற்றுநோயில் இறந்துவிட்டார். அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை என்பதால் அவர் மகன் (வயது 11) எங்கள் வீட்டில்தான் வளர்கிறான். அவன் எதிரில் அண்ணியைப் பற்றி நாங்கள் யாரும் பேச்செடுப்பதில்லை. 14 வயதாகும் என் மகள், புற்றுநோயில் அம்மாவை இழக்கும் பையனைப் பற்றிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ படத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள். ‘13+ போட்டிருக்கிறது, அவனுக்கு வேண்டாம்’ என்கிறார் என் கணவர். ‘இருக்கிற துக்கம் போதாதா, எதற்குப் பிள்ளையை அழ வைக்கணும்?’ என்கிறார் என் அம்மா. நீங்கள் சொல்லுங்கள், காட்டலாமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். அண்ணன் மகனுக்கு இப்போது வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்தையும் அம்மா சொல்லும் காரணத்தையும் நான் ஏற்கவில்லை.

முதலில் அந்த 13+. நம் நாட்டில் ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளிலும், திரையரங்குப் படங்களுக்கு 2023 சட்டத் திருத்தத்திலும் 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் வந்தன. இவை தடை அல்ல. இந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பார்ப்பதானால் பெற்றோர் யோசித்து முடிவெடுங்கள் என்ற எச்சரிக்கை மட்டுமே. யோசிப்பதற்காகக் கொடுத்த எண்ணை, யோசிக்காமல் இருப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம்.

துக்கத்தை அளக்க எந்தச் சான்றிதழாலும் முடியாது. ‘மான்செஸ்டர் பை த சீ’ படத்தில் ஒருவரின் மூன்று குழந்தைகளும் வீட்டுத் தீயில் இறந்துபோகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு, 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற கடுமையான ‘ஆர்’ முத்திரை விழுந்தது. எதற்காக? கெட்ட வார்த்தைகளுக்காகவும் சில பாலியல் காட்சிகளுக்காகவும். ‘அப்’ என்ற அனிமேஷன் படத்தில் ஆரம்பத்திலேயே குழந்தை இல்லை என்று தெரிந்து ஒரு பெண் உடைந்துபோகிறாள், பிறகு கணவனைத் தனியே விட்டு இறக்கிறாள். பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்ற அதன் ‘பிஜி’ முத்திரைக்குச் சொன்ன காரணமோ ஆபத்தும் சாகசமும்! வெட்டு, குத்து, வசவு இவற்றை எண்ணிவிடலாம். உங்கள் வீட்டில் யார் இறந்திருக்கிறார்கள் என்பது தணிக்கைக் குழுவுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்ட படத்துக்கு வருகிறேன். கதையையும் சொல்லிவிடுகிறேன், பெரியவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2016-இல் ஜே. ஏ. பயோனா இயக்கியது. இதன் மூலக்கரு ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளருடையது. அவரே 2007-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அந்தக் கருவை நாவலாக்கியவர் பேட்ரிக் நெஸ், திரைக்கதையும் அவர்தான். இங்கிலாந்தில் ஒரு பையன். அம்மாவுக்குப் புற்றுநோய். அப்பா அமெரிக்காவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பையனை அவனுக்குப் பிடிக்காத பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அம்மா இல்லை, அப்பா தூரத்தில், உறவினர் வீட்டில் வளர்கிற பையன்: உங்கள் பிள்ளையின் நிலைமைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். உங்கள் வீட்டைத் தனக்குப் பிடிக்காத வீடாக அவன் நினைக்கிறானா என்பது உங்களுக்குத் தெரியுமா?

படத்தில் மர உருவில் ஒரு பூதம் வருகிறது. சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படலாம், ஆனால் 11 வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயமே இல்லை. கனமான இடங்கள் வேறு. பாட்டியின் வரவேற்பறையைப் படத்தில் வரும் பையன் அடித்து நொறுக்குகிறான், அவள் பொக்கிஷமாக வைத்திருந்த கடிகாரம் உட்பட. திட்டுவார்கள், தண்டிப்பார்கள் என்று காத்திருக்கிறான், யாரும் தண்டிப்பதில்லை. கடைசியில் அவன் வாயிலிருந்து ஓர் உண்மை வருகிறது. தினமும் காணும் கெட்ட கனவில் பள்ளத்தில் தொங்கும் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் பிடித்திருக்க முடியும். ஆனாலும் விட்டுவிட்டான். இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும் என்று அவனுக்கு இருந்திருக்கிறது. அதனால்தான் அம்மா சாகிறாள் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு உள்ளுக்குள் புழுங்குகிறான்.

நோயாளி இருந்த வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்த எண்ணம் வந்துபோகும். ‘நான் அன்றைக்கு அடம் பிடித்தேனே, அதனாலா?’, ‘எப்போது முடியும் என்று நினைத்தேனே, நான் கெட்டவனா?’ இதைத் தாமாக வந்து பெரியவர்களிடம் கேட்க மாட்டார்கள். இந்தப் படம் அதை வெளிப்படையாகப் பேசி, அப்படி நினைத்தது குற்றமில்லை என்றும் சொல்கிறது. அதனால்தான் இதைப் பிள்ளைகளுக்கான படம் என்றே மதிக்கிறேன். அதே காரணத்தால்தான் உங்கள் வீட்டில் இப்போது வேண்டாம் என்கிறேன். படம் முடிந்ததும் அவன் மனதில் எழும் கேள்விக்கு யார் பதில் சொல்வது? எட்டு மாதமாக அம்மா என்ற பேச்சையே எடுக்காத வீட்டில், அதை எப்படிக் கேட்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

உங்கள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவன் அழாமல் இருக்கிறான் என்றால் துக்கம் ஆறிவிட்டது என்று பொருள் இல்லை. நீங்கள் எல்லோரும் வருத்தப்படுவீர்கள் என்று அடக்கிக்கொண்டிருக்கலாம். அழட்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

முதலில் நீங்கள் மட்டும் தனியாகப் படத்தைப் பாருங்கள். இது கட்டாயம். பிறகு அண்ணியின் புகைப்படத்தை எடுத்து வைத்து, அவர் சமையலைப் பற்றியோ சிரிப்பைப் பற்றியோ சாதாரணமாகப் பேச ஆரம்பியுங்கள். நோய் பற்றி அவன் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘சாமிகிட்ட போயிட்டாங்க’ என்று 11 வயதுப் பையனிடம் முடித்துவிடாதீர்கள். சில வாரம் இப்படிப் போகட்டும். பிறகு ‘இப்படி ஒரு படம் இருக்கிறது, அதில் அம்மா இறந்துவிடுகிறார், பார்க்கிறாயா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பார்க்கிறேன் என்றால் பகலில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லி, ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

மகள் முன்னதாகப் பார்ப்பதை அவனிடம் மறைக்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தால், இந்த வீட்டில் தனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

ஒன்று முக்கியம். தூக்கம், சாப்பாடு, படிப்பு இவை வாரக்கணக்கில் கெட்டிருந்தால் படத்தைப் பற்றிய யோசனையே வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அண்ணனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் ‘நல்லா படிக்கிறியா’ என்பதோடு நிறுத்தாமல், அவன் அம்மாவைப் பற்றி அவரும் பேச வேண்டும். அதை அத்தை நீங்கள்தான் அவரிடம் எடுத்துச் சொல்ல முடியும்.