வாசகர் கேள்வி: பனி பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: பொங்கல் லீவில் குடும்பத்தோடு மணாலி போகிறோம். அந்த வாரத்துக்கு ஒரு ஆப் 25 சென்டிமீட்டர் பனி என்கிறது, இன்னொன்று வெறும் மழை என்கிறது. எதை நம்புவது?
- வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: பத்து நாளுக்கு முன்னாலேயே சென்டிமீட்டர் கணக்குச் சொல்கிற எதையும் நம்ப வேண்டாம் அம்மா. இமயமலைப் பக்கம் குளிர்காலப் பனியைக் கொண்டு வருவது மேற்கத்திய இடையூறு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வருகிற காற்றுச் சுழற்சி அது. அது வருவதை ஐந்தாறு நாள் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம், ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு கொட்டும் என்பது கடைசி இரண்டு நாளில்தான் தெளியும். நமக்கு இது புதிதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வருவது தெரிந்துதான் இருந்தது, ஆனால் கரையேறிய பிறகு புதுச்சேரிப் பக்கமே பல மணி நேரம் நின்று கொட்டித் தீர்க்கும் என்று ஒரு வாரம் முன்னால் யாரால் சொல்ல முடிந்தது?

மலையில் இன்னொரு சிக்கல், உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். மணாலி 2,050 மீட்டர், பக்கத்தில் பனி பார்க்கப் போகிற சோலாங் பள்ளத்தாக்கு அதைவிட ஏறக்குறைய 500 மீட்டர் மேலே. மணாலியில் 2 டிகிரியில் மழை பெய்கிற அதே நேரம் சோலாங்கில் பூஜ்யத்துக்குக் கீழே போய் பனி விழும். ஆப்போ பல கிலோமீட்டர் சதுரத்தை ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டு, மலை உச்சிக்கும் கீழே உள்ள ஊருக்கும் சேர்த்து ஒரு சராசரி உயரம் வைத்துக் கணக்குப் போடுகிறது, அதனால்தான் உங்கள் இரண்டு ஆப்பும் இரண்டு பதில் சொல்கின்றன. அளவையும் கவனியுங்கள்: ஒரு மில்லிமீட்டர் மழைத் தண்ணீர் என்பது தோராயமாக ஒரு சென்டிமீட்டர் பனி. '20 மி.மீ.' என்று போட்டிருந்தால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து சிம்லா வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் போகலாம், கவனமாக. ஆரஞ்சு என்றால் குல்லுவிலோ மணாலியிலோ தங்கிவிடுங்கள், மேலே ஏறாதீர்கள். சோலாங்கைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போகிற அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர், உள்ளே பனி விழாது, சரி. ஆனால் சோலாங்கிலிருந்து சுரங்க வாய் வரைக்குமான சாலை திறந்தவெளிதானே? அங்கேதான் வண்டிகள் வரிசையாக மாட்டிக்கொள்கின்றன. கனத்த பனியில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை மட்டும்தான் போலீஸ் மேலே விடுவார்கள். டிரைவர் 'போயிடலாம் சார்' என்றாலும் வற்புறுத்தாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. பனி நின்ற மறுநாள் காலை வானம் பளிச்சென்று இருக்கும், ஆப்பும் சூரியனைக் காட்டும். அந்தக் காலைதான் எனக்கு அதிகப் பயம். சாலையில் உருகின நீர் இரவில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. வெயில் நன்றாக ஏறின பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். பெரிய பனிக்குப் பிந்தைய ஓரிரு நாள் சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் கூடுதல்.

கேள்வி: ஜனவரியில் சென்னையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் விமானம். பனியால் ரத்தாகுமா?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: ஆகலாம். ஓடுபாதையில் பனி குவிந்தாலோ பார்வைத் தூரம் குறைந்தாலோ நிறுத்திவிடுவார்கள். ஆனால் நம் ஆட்கள் காஷ்மீர் பனியை மட்டும் பார்த்துவிட்டு டெல்லியின் ஜனவரி மூடுபனியை மறந்துவிடுகிறார்கள், இணைப்பு விமானம் அங்கேதான் தவறுகிறது. இரண்டு விமானத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி வையுங்கள், முடிந்தால் காலை விமானத்தைத் தவிருங்கள். திரும்பும்போது ஸ்ரீநகரில் ஒரு நாள் சும்மா இருக்கிற மாதிரி திட்டமிடுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ், ஞாயிறு விமானம் என்று போட்டால் கஷ்டம். விமானமும் நின்றால் ரயில் இருக்கிறது: 2025 ஜூன் முதல் ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ஓடுகிறது. கடும் பனியில் அதுவும் தாமதமாகலாம், ஆனாலும் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் ராம்பன் பக்கம் மண்சரிந்து சாலை மூடுகிற நாட்களில் அதுதான் உதவி.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. குல்மார்க்கில் நிச்சயம் பனி பார்க்கலாமா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. காஷ்மீரில் 'சில்லை கலான்' என்கிற கடுங்குளிர் நாற்பது நாள் டிசம்பர் 21-ல் தொடங்குகிறது, ஆனால் 2024 ஜனவரியில் அந்த நாட்களிலேயே குல்மார்க் வெறும் புல்தரையாக வறண்டு கிடந்தது. ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ போனால் வாய்ப்பு அதிகம். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம், அம்மாவுக்கு அது போதும். கோண்டோலா என்கிற ரோப்காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை போகிறது, அங்கே ஏற்ற வேண்டாம். காற்று பலமாக வீசினால் அந்தக் கட்டத்தை நிறுத்தியும் விடுவார்கள், அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் அன்றைய காற்றின் வேகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.