பழைய வாக்மேன் ஒண்ணு கிடைச்சிருக்கு, பேட்டரி மூடி இல்ல, பெல்ட்டும் இல்ல, ஸ்டாப் பட்டன் தொப்பியும் போச்சு. கேஎல்ல (கோலாலம்பூர்ல) சரி பண்ண முடியுமா?

முடியும். நீங்க காணோம்னு எழுதியிருக்கற மூணுமே, அதாவது பேட்டரி மூடி, ஸ்டாப் பட்டன் மேல இருக்கற தொப்பி, உள்ள இருக்கற பெல்ட்டு, எதுவுமே பெரிய விஷயம் இல்ல. காணோம்னு தெரிஞ்ச சாமான எப்படியாச்சும் ஒப்பேத்திடலாம், உசுர எடுக்கறது காணோம்னே நமக்குத் தெரியாத சாமான்தான். நான் இதுல நல்லா அடிபட்டவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழம தாமான் ஜெயா எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல அம்கார்ப் மால்ல போடுவாங்களே பழைய சாமான் சந்தை, அங்க 40 வெள்ளிக்கு (ரிங்கிட்தான்) ஒரு சோனி வாங்கினேன். விக்கிற அங்கிள் "இனி வாக்மேன் பாலிங் பெர்த்தாமா, பொஸ்"னு அடிச்சு விட்டாரு, உலகத்துக்கே மொத வாக்மேனாம். மொத வாக்மேன் டிபிஎஸ்-எல்2, 1979 ஜூலை 1ஆம் தேதி ஜப்பான்ல 33,000 யென்னுக்கு வந்தது, நீலமும் வெள்ளியும் கலந்த உலோக உடம்பு, ரெண்டு பேர் சேர்ந்து கேக்கறதுக்கு ரெண்டு ஹெட்ஃபோன் ஓட்டை, ஒரு ஆரஞ்சு பட்டன். என்னுது கறுப்பு பிளாஸ்டிக், ஒரே ஒரு ஓட்டை. உங்ககிட்டயும் யாராவது இப்படிச் சொன்னா முதல்ல ஓட்டைய எண்ணுங்க, விலைய அப்புறம் பேசுங்க.

அதுலயும் பேட்டரி மூடி இல்ல. நான் என்ன பண்ணேன்னா, ரெண்டு வாரம் அந்த மூடிய தேடியே அலைஞ்சேன். ஒரு மால்ல இருக்கற ரிப்பேர் கடைக்காரர் மூடிய பார்க்கக்கூட இல்ல, "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு தம்பி"ன்னுட்டாரு. 3டி பிரிண்ட்டுல செஞ்சு தர ஒருத்தர் 60 வெள்ளி கேட்டாரு, செட்டே 40 வெள்ளி! கடைசியில ஐஸ்கிரீம் டப்பா மூடிய வெட்டி கறுப்பு டேப் ஒட்டி முடிச்சேன், இன்னிக்கு வரைக்கும் அதுதான் ஓடுது. ஆனா ஒண்ணு, சில மாடல்ல அந்த மூடிக்கு உள்பக்கம் ஒரு தகடு இருக்கும், ரெண்டு பேட்டரியையும் சேர்க்கறதே அந்தத் தகடுதான், அது இல்லேன்னா கரண்டே ஓடாது. உங்க செட்டுல பேட்டரி போடற பள்ளத்தப் பாருங்க, ரெண்டு முனையிலயும் கம்பியோ ஸ்பிரிங்கோ இருந்தா சரி, ஒரு முனை மொட்டையா இருந்தா மூடியில ஒரு பித்தளைத் துண்டு ஒட்டணும்.

இப்ப நீங்க மொதல்ல பண்ண வேண்டியது, எதையும் வாங்காதீங்க. ரெண்டு பேட்டரிய போட்டு விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ப்ளேய அழுத்துங்க, காத வச்சுக் கேளுங்க. பெல்ட்டு இல்லாததால எதுவும் சுத்தாது, ஆனா மோட்டார் ஙீன்னு முனகுச்சுன்னா பாதிக் கெணறு தாண்டிட்டீங்க. முனகலேன்னா மோட்டார் செத்துப் போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க, பேட்டரி முனை தொடற தகட்டுல, அதாவது காண்டாக்ட்ல, பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கான்னு பாருங்க. ஆல்கலைன் பேட்டரி கசிஞ்சு வர்றது காரம், அதுக்கு சமையல் வினிகர் ஒரு சொட்டு பஞ்சுல தொட்டு வச்சா நுரைச்சுக்கிட்டு கழண்டு வந்துடும், அப்புறம் ஆல்கஹால்ல தொடைச்சு காய விடுங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு பேட்டரிய உள்ளயே விட்டு வச்ச செட்டுல இது இல்லாம இருந்தாத்தான் அதிசயம்.

அடுத்து கதவத் தொறந்து மூணு சாமான பாருங்க. டேப்ப உரசி பாட்ட எடுக்கற ஹெட்டு, கேப்ஸ்டன்னு சொல்ற ஊசி மாதிரி பளபளன்னு இருக்கற கம்பி, அதுல போய் ஒட்டிக்கற கறுப்பு ரப்பர் சக்கரம், அதுதான் பிஞ்ச் ரோலர். இந்த மூணும் மோட்டாரும் நல்லா இருந்தா மத்ததையெல்லாம் நம்மளே செஞ்சுக்கலாம். இதுல ஒண்ணு போச்சுன்னா தனியா தேடி அலையாதீங்க, இன்னொரு ரோசாக் செட்டு (மலாய்ல கெட்டுப்போனதுன்னு அர்த்தம்) வாங்கி அதுலேருந்து கழட்டறதுதான் சுலபம். ஆன்லைன்ல "ரோசாக்"னு போட்டுத் தேடுங்க, வெளிய ஒடைஞ்சு போன செட்டெல்லாம் மலிவா வரும். ஒரே மாடல்தான் வேணும்னு இல்ல, ஒரே மெக்கானிசத்த பல மாடல்ல மூஞ்சிய மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க, உள்ளப் போட்டோ கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்க. நான் 25 வெள்ளிக்கு ஒண்ணு வாங்கினேன், கதவே இல்லாத செட்டு, என் உயிர காப்பாத்தினது அதுதான், எப்படின்னு சொல்றேன். உங்க ஸ்டாப் பட்டன் தொப்பியும் அப்படி ஒரு செட்டுலதான் கிடைக்கும்.

பெல்ட்டு. என்னுதுல பெல்ட்டு காணாம போகல, தார் மாதிரி உருகி எல்லாத்துலயும் அப்பிக்கிட்டிருந்துச்சு. உங்களுதுலயும் "இல்ல"ன்னு நீங்க நினைக்கறது அப்படி உருகிப் போனதா இருக்கலாம், பெல்ட்டு மாட்டற சக்கரம், அதாவது புல்லி, அதோட பள்ளத்துல கறுப்பா பிசுபிசுன்னு இருக்கான்னு பாருங்க. கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது, சட்டையில பட்டா அம்மாகிட்ட திட்டுதான். அத தொடைச்செடுக்க ஆல்கஹால் வேணும். ஃபார்மசியில விக்கற 70 சதவீத ஆல்கஹால்ல தண்ணி இருக்கு, பூடு ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடைகள்ல 99 சதவீதம் கிடைக்கும், அத வாங்கிக்கங்க. புது பெல்ட்டுக்கு அளவு எடுக்க தையல் நூல் போதும். மோட்டார் புல்லியில ஆரம்பிச்சு பெல்ட்டு போற வழியெல்லாம் நூல சுத்தி நீளம் பாருங்க, 200 மில்லிமீட்டர் வந்துச்சுன்னா அதுல 5லேருந்து 10 சதவீதம் கழிங்க. 10 கழிச்சா 180, அத 3.14ஆல வகுத்தா சுமார் 57 மில்லிமீட்டர் விட்டம். கடைக்காரங்க விட்டமாத்தான் கேப்பாங்க. நூறு பெல்ட்டு கலந்து ஒரு பாக்கெட்டுன்னு விக்கறத வாங்காதீங்க, நான் வாங்கினதுல ஒண்ணுகூட சேரல, ரொம்ப இறுக்கமா போட்டா மோட்டார் திணறும், பாட்டு அழுவாச்சியா வரும்.

இப்ப அந்தக் காணாம போன சாமான் கதை. பெல்ட்டு போட்டேன், சுத்துச்சு, சந்தோஷத்துல ஒரு கேசட்ட போட்டேன், பத்தே செகண்டுல டேப்ப கடிச்சுத் துப்பிடுச்சு. இன்னொரு கேசட்டு, அதையும் தின்னுடுச்சு. ரோலர சுத்தம் பண்ணேன், மெல்லிசான உப்புத்தாள்ல லேசா தேய்ச்சேன், ஒண்ணும் ஆகல. மூணாவது நாள் ராத்திரி அந்த 25 வெள்ளி செட்ட பக்கத்துல வச்சு டார்ச்லைட் அடிச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்தா, அதுல பிஞ்ச் ரோலர் தலையில கடுகு சைஸுக்கு ஒரு பிளாஸ்டிக் வாஷர், என்னுதுல அது இல்ல! எனக்கு முன்னால யாரோ தொறந்து தொலைச்சிருக்காங்க. அது இல்லாததால ரோலர் மெல்ல மேல ஏறிச் சாயுது, டேப்பு கோணலா போய் சிக்கிக்குது. அந்த வாஷர மாத்தினதும் சரியாப் போச்சு. உங்க செட்டையும் யாரோ ஏற்கனவே தொறந்திருக்கா மாதிரி இருந்தா, ஸ்குரூ தலையெல்லாம் தேய்ஞ்சிருக்கறத வச்சே கண்டுபிடிச்சிடலாம், கூடவே ஏதோ ஒண்ணு குறையுதுன்னுதான் நினைச்சுக்கிட்டு தேடணும். நீங்க கழட்டும்போது வெள்ளத் துண்டு விரிச்சு அது மேல வச்சுக் கழட்டுங்க, பறந்தாலும் கண்ணுல படும். ஸ்குரூ குறைஞ்சா மூக்குக் கண்ணாடிக் கடையில கேட்டுப் பாருங்க, எனக்கு ரெண்டு சும்மாவே குடுத்தாங்க.

அதோட முடியல. டேப்பு ஓடுது, ஆனா சத்தம் போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி, வர்றதும் போறதுமா. ஹெட்ட நாலு தடவ தொடைச்சேன், ஹெட்டு ஓரத்துல இருக்கற சின்ன ஸ்குரூவ அப்படி இப்படி திருப்பி கெடுத்து வச்சேன் (தயவுசெஞ்சு அத தொடாதீங்க, திரும்ப சரிக்கு கொண்டு வர ஒரு முழு சனிக்கெழம போச்சு). கடைசியில பார்த்தா குத்தம் செட்டுல இல்லவே இல்ல, கேசட்டுல! கேசட்டு வாயில நடுவுல, டேப்புக்குப் பின்னால ஒரு செம்புத் தகடும் அதுல குட்டியா ஒரு கம்பளித் துண்டும் இருக்கும், டேப்ப ஹெட்டோட ஒட்ட வைக்கறதே அதுதான். பழைய கேசட்டுல பசை காய்ஞ்சு அது உதிர்ந்து போயிருக்கு. நான் டெஸ்ட் பண்ண எடுத்ததெல்லாம் மாமா வீட்டு ஒரே டப்பாவுல இருந்த கேசட்டு, எல்லாத்துலயும் உதிர்ந்திருக்கு. ஒரு வாரமா நல்லா இருக்கற செட்ட திட்டிக்கிட்டிருந்திருக்கேன். அதனால டெஸ்டுக்கு அந்தக் கம்பளி இருக்கற கேசட்டு ஒண்ணு வச்சுக்கங்க, வெள்ளையா பூசணம் பூத்த கேசட்ட போட்டுடாதீங்க, ஹெட்டு ரோலர் எல்லாம் அழுக்காகும்.

வேகம் சரியான்னு பார்க்க டெஸ்ட் கேசட்டெல்லாம் வேணாம், ஒரு பாட்ட கேசட்டுல போட்டு நேரம் எடுங்க, அதே பாட்டு ஃபோன்ல எத்தன நிமிஷம்னு பாருங்க. 4 நிமிஷப் பாட்டு 12 செகண்ட் கூட ஓடினா 5 சதவீதம் மெதுவா போகுது, சுசீலாம்மா டிஎம்எஸ் மாதிரி பாட ஆரம்பிச்சுடுவாங்க. போர்டுலயோ மோட்டார் பின்னாலயோ ஒரு குட்டி திருகு இருக்கும், அத முடி அளவு திருப்பித் திருப்பிப் பாருங்க. வால்யூம்ல கரகரப்பு வந்தா காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, அவ்ளோதான்.

செலவு, எனக்கு செட்டு 40, ரோசாக் செட்டு 25, சரியான பெல்ட்டு 12, அந்த வீணாப்போன நூறு பெல்ட்டு பாக்கெட்டு 15. ரிப்பேர் கடைய தேடறதுக்கு பதிலா நீங்களே தொறந்து பார்க்கறதுதான் என் கட்சி, இதுக்கு உக்காந்து நேரம் செலவழிக்கற கடை கேஎல்ல எனக்கு ஒண்ணுகூட அமையல. மூடிய அப்புறம் பார்த்துக்கலாம், கதவத் தொறந்து பிஞ்ச் ரோலர் தலைய கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து கீழ போடுங்க, வாஷர் இருக்கான்னு நான் பார்த்துச் சொல்றேன்.