டுரோக்பாவின் 21 வயதும் உங்கள் மகனின் 18 வயதும்

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். என் மகனுக்கு 18 வயது. சிறு வயது முதல் அவன் பயிற்சி பெற்ற கால்பந்துக் கழகம், அடுத்த பருவத்துக்கு அவனை எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் போக மறுக்கிறான். "கால்பந்து நட்சத்திரம் டுரோக்பாவே 21 வயதில்தான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார், எனக்கும் மூன்று ஆண்டு கொடுங்கள்" என்கிறான். கணவரோ இனிப் பந்தைத் தொடவே கூடாது என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்லும் வயது சரிதான். அந்த வயது வரை டுரோக்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத்தான் அவன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

1978இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் பிறந்த டிடியே டுரோக்பா, 5 வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, பிரான்சில் கால்பந்து ஆடிவந்த உறவினர் மிஷெல் கோபாவிடம் அனுப்பப்பட்டார். வீட்டு ஏக்கம் தாங்காமல் மூன்றாண்டில் திரும்பியவர், பெற்றோர் வேலையிழந்த பிறகு மறுபடியும் பிரான்சுக்கு வந்தார். பின்னர் பெற்றோரும் வந்து பாரிசுக்குத் தெற்கே அந்தோனியில் குடியேறியபோது, அவர் லெவலுவா கழகத்தின் இளையோர் அணியில் சேர்ந்தார். நீங்கள் அன்றாடம் ரயிலில் கடக்கும் ஊர்களாகக்கூட அவை இருக்கலாம்.

பள்ளி முடிந்ததும் அவர் லு மான் நகருக்குப் போனார். அங்கே இரண்டாம் பிரிவில் ஆடிய கழகத்தில் பயிற்சி பெறவும் முடிந்தது, கணக்கியல் படிக்கவும் முடிந்தது. அந்த ஆண்டுகளில் பாத எலும்பும் கால் எலும்பும் முறிந்து, தொடர்ந்து ஆட முடியாமல் அவர் பலமுறை முடங்கினார் என்பதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள். பாடப்புத்தகம் அப்போது கையில் இருந்தது. அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.

1999இல் ஒப்பந்தம் கிடைத்த பின்னும் பாதை நேராகிவிடவில்லை. இரண்டாவது பருவத்தில், லீக் ஆட்டங்களில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2002 ஜனவரியில், வடமேற்கு பிரான்சின் சிறு நகரமான கேங்கானின் முதல் பிரிவு அணிக்கு மாறினார். அடுத்த பருவத்தில் 17 லீக் கோல்கள் அடித்தார். அங்கிருந்து மார்செய், பிறகு 2004இல், 26 வயதில், 2.4 கோடி பவுண்டுக்கு இங்கிலாந்தின் செல்சி கழகம். 2012இல் மியூனிக்கில் நடந்த, ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், 88ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்து, கடைசிப் பெனால்டியையும் அடித்துச் செல்சிக்கு அந்தக் கோப்பையை முதல்முறையாக வென்று தந்தாரே, அந்த இரவைத்தான் உங்கள் மகன் காணொளியில் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பான் என்று ஊகிக்கிறேன். நானும் பார்ப்பதுண்டு.

ஆகவே, மகன் எடுத்துவைத்த சான்றே அவனுக்கு எதிராகப் பேசுகிறது: டுரோக்பா படிப்பை நிறுத்திவிட்டு மூன்றாண்டு காத்திருக்கவில்லை. அதே சான்று உங்கள் கணவருக்கும் எதிரானதுதான். 18 வயதில் ஒரு கழகம் வேண்டாம் என்றதை ஆட்டத்தின் முடிவாகக் கொள்ளத் தேவையில்லை. 21 வயதில் தொடங்கி அந்த உயரத்தை எட்டியவர்கள் மிகச் சிலரே என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம். பல்கலைக்கழகப் பதிவை இப்போதே முடித்துவிட்டு, அதற்கு அருகில், மாலை நேரத்தில் பயிற்சி தரும் ஒரு வட்டார அளவிலான கழகத்தில் அவன் சேரட்டும். "ஐரோப்பா முழுவதும் தேர்வுக்கு அழைத்துப் போகிறேன்" என்று எவராவது முன்பணம் கேட்டால், பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் முகவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கணவரிடம் ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் சம்மதம் கேளுங்கள். பருவம் முடிந்ததும் தேர்வு மதிப்பெண்களையும் பயிற்சியாளரின் கருத்தையும் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து பேசலாம். அமெச்சூர் கழகங்களுக்கு இடையே மாறுவதற்கான வழக்கமான காலம் ஜூலை நடுவில் முடிந்துவிடும் என்பதால், கழகத்தைத் தேடும் வேலையை இந்த வாரமே அவனிடம் ஒப்படையுங்கள்.