தம்பி தட்ட யாரு கழுவறது?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். மகளுக்கு 11 வயசு, மகனுக்கு 9. மகளுக்கு கிரிக்கெட்னா உயிர், எங்க அண்ணன் மகனோட பழைய கிளவுஸ மாட்டிக்கிட்டு கீப்பிங் பண்றா. போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் என் மாமியார் அவள கூப்பிட்டு தம்பி தட்டையும் சேத்து கழுவச் சொன்னாங்க. "ஏன் ஆயா, அவனுக்கு கை இல்லையா?"ன்னு கேட்டுட்டா. வீடே கப்சிப். நான் பயந்துபோய் மகளத்தான் அதட்டுனேன். ராத்திரி படுக்கறப்போ, "ஆணும் பொண்ணும் சமம்னு நீங்கதானம்மா சொன்னீங்க, சும்மா சொன்னீங்களா?"ன்னா. எனக்கு வாய் வரல. இவள எப்படி தைரியமா வளக்கறது?
– ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த்

பதில்: தைரியமா? அது அவகிட்ட தாராளமா இருக்கும்மா, கொஞ்சம் கொறையறது உங்ககிட்டதான். கோவிச்சுக்காதீங்க, நானும் அதே மாதிரி சிங்க் பக்கத்துல நின்னு வளந்தவதான், ஆம்பளைங்க சாப்பிட்டு எழுந்து போனப்பறம் கோழிக்குழம்புல கழுத்தும் முதுகெலும்பும்தான் எங்களுக்கு மிஞ்சும், அத யாரும் அநியாயம்னு சொன்னதில்ல, வழக்கம்னுதான் சொன்னாங்க.

மொதல்ல மகள்கிட்ட போய், "அன்னைக்கு உன்ன அதட்டுனது என் தப்பு"ன்னு சொல்லுங்க. அப்பறம் அடுத்த ஞாயிறு தட்ட எடுக்கற நேரத்துல உங்க வீட்டுக்காரர் தன் தட்ட தானே கழுவட்டும், முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. அப்பா கழுவுனா 9 வயசு பையன் பின்னாடியே வருவான், நீங்க ஒரு மணி நேரம் லெக்சர் குடுத்தா வரமாட்டான்.

நம்ம சௌத் ஆப்பிரிக்கா அரசியல் சட்டம் 9வது பிரிவு, 1996ல எழுதுனது, ஆண் பெண்ணுன்னு அநியாயமா வித்தியாசம் பாக்கக்கூடாதுன்னு சொல்லுது, அரசாங்கம் மட்டுமில்ல, தனி ஆளும் பாக்கக்கூடாதாம். (அதுக்காக ஆயா மேல கேஸ் போட்டுடாதீங்க!) மாமியார் "நம்ம ஆளுங்க வழக்கம்"னு ஆரம்பிச்சா, நம்ம ஆளுங்க கதையவே எடுங்க. ஜோகனஸ்பர்க்ல பொறந்த தில்லையாடி வள்ளியம்மை, காந்தி இங்க நடத்துன சத்தியாகிரகத்துல சேந்து மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்குப் போய் காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரில செத்துப்போச்சு, வயசு 16தான். அந்தப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போன பொம்பளைங்க நிறைய பேரு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாதுன்னு 1913ல கோர்ட் தீர்ப்பு குடுத்த கோவத்துல கிளம்புனவங்க. அப்பல்லாம் "பொம்பளப் புள்ள வாய மூடு"ன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நவி பிள்ளையோட அப்பா டர்பன்ல பஸ் ஓட்டுனவரு, அந்தப் பொண்ணு படிக்க நம்ம சனங்க காசு சேத்துக் குடுத்தாங்க, 1967ல சொந்தமா வக்கீல் ஆபீஸ் தொறந்து, பின்னாடி ஐநா மனித உரிமை ஆணையராவே ஆனாங்க. இதுவும் நம்ம வழக்கம்தானே?

மாமியார வில்லி ஆக்கிடாதீங்க. அந்தக் காலத்து டர்பன் பொம்பளைங்க எத்தன பேரு துணி ஃபேக்டரில பகலெல்லாம் தச்சுட்டு வந்து ராத்திரி சட்டி கழுவியிருக்காங்க. அவங்களும் அப்படி வேலைக்குப் போனவங்கன்னா பேத்திய பக்கத்துல உக்காரவச்சு மொத சம்பளத்த என்ன பண்ணீங்கன்னு கேக்கச் சொல்லுங்க. அவங்க கோவம் பாதி, தனக்கு யாரும் தட்டு கழுவித் தரலையேங்கறதாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. கிரிக்கெட் ஆடறதால மகள பையனா மாத்திட வேணாம். சில அம்மாங்க பெருமையா "எனக்கு இவ மகன் மாதிரி"ம்பாங்க, எனக்கு பத்திக்கிட்டு வரும். மகள் மகள் மாதிரியே இருந்தா என்னவாம்? காலையில கீப்பிங், சாயங்காலம் கோயிலுக்கு பட்டுப்பாவாடை, வளையல், கேட்டா மல்லிப்பூ. நாளைக்கே கிரிக்கெட் போரடிக்குதுன்னா அதுவும் அவ இஷ்டம். டர்பன்ல பொறந்த திரிஷா செட்டியும் கீப்பர்தான், சௌத் ஆப்பிரிக்கா டீமுக்கே ஆடுனவங்க, அவங்க ஆடுன வீடியோ ரெண்டு போட்டுக் காட்டுங்க.

அந்த பழைய கிளவுஸ மட்டும் தூக்கிப் போடுங்க. பெரிய பையன் கைக்கு வாங்குனது, விரல் நுனி காலியா கெடக்கும், பந்து பட்டா மடங்கி வலிக்கும். கடைக்கு அவளையே கூட்டிட்டுப் போய் கை அளவு பாத்து வாங்குங்க.