சித்தப்பாவின் லென்ஸ் பெட்டியும் பத்தாயிரம் வெள்ளிக் கடனும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்கிறேன். தொழிற்சாலையில் மாதம் 2,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சம்பளம். சனி, ஞாயிறுகளில் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று படம் எடுக்கப் போகிறேன். ஒரு திருமணத்துக்கு 600 வெள்ளி வாங்குகிறேன். மாதத்துக்கு இரண்டு கிடைக்கும். அண்மையில் ஒருவர் பயன்படுத்திய நிக்கான் இசட் 6 மிரர்லெஸ் கேமராவை, லென்ஸ் இல்லாமல், ரொக்கமாக வாங்கினேன். சித்தப்பா ஸ்டூடியோ வைத்திருந்தவர். கடையை மூடியபோது நான்கு பழைய நிக்கான் லென்ஸ்களை என்னிடம் கொடுத்தார். 28, 50, 105 மி.மீ. மூன்றும் கையால் திருகி ஃபோகஸ் செய்பவை. நான்காவது, 80-200 மி.மீ. ஆட்டோஃபோகஸ் 'டி' வகை. அடாப்டர் போட்டு இவற்றையே வைத்துக்கொள்ளலாமா? அல்லது 10,000 வெள்ளி கடன் எடுத்துப் புதிய லென்ஸ்கள் வாங்கலாமா? ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலையான வட்டி, 5 ஆண்டு தவணை. ஊழியர் சேமநிதியின் (இ.பி.எஃப்.) மூன்றாவது கணக்கிலிருந்து 3,000 எடுக்கச் சொல்கிறார் நண்பர். கையில் 3,200 வெள்ளி சேமிப்பு இருக்கிறது.

பதில்: தம்பி, கடன் கணக்கு சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுவோம். நிலையான வட்டி என்றால் கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடுவார்கள். ஆண்டுக்கு 800 வெள்ளி வீதம் ஐந்து ஆண்டில் 4,000. மாதத் தவணை 233 வெள்ளி சொச்சம். பாதி அசலை நீங்கள் அடைத்த பிறகும் பத்தாயிரத்துக்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் கையில் நிற்கும் பாக்கிக்கு என்று கணக்குப் போட்டால் வட்டி 14 விழுக்காட்டை ஒட்டி வரும். தவணை மாதம் தவறாமல் வரும்; திருமணங்கள் அப்படி வராது. ஆடி வரும், மார்கழி வரும். ஆடியில் கோயில் வேலை இருக்கிறதே என்பீர்கள். கோயில் வேலைக்கு யார் முழுக்காசு தருகிறார்கள்?

சேமநிதிப் பணத்தையும் தொடாதீர்கள். 2024 மே 11-இல் மூன்றாவது கணக்கு வந்ததிலிருந்து குறைந்தது 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். அந்த ஆண்டு வழக்கமான சேமிப்புக்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். எதிர்காலத்துக்கு 5 விழுக்காடு என்றே அடக்கமாக வைத்துக்கொள்வோம். உங்கள் 55-ஆவது வயதில் அந்த 3,000 வெள்ளி 11,700-ஐத் தாண்டி நிற்கும். கேமரா உங்களை இவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லவில்லை. மூன்று நான்கு மாதம்தான் கேட்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

சித்தப்பாவின் லென்ஸ் பெட்டிக்கு வருவோம். பணக்கணக்கு பார்க்கும் எனக்கு லென்ஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் அப்பாவின் லென்ஸ் ஒன்று அலமாரியில் வேட்டிகளுக்கு நடுவே பத்தாண்டு கிடந்து, உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்த பிறகே வெளியே வந்தது. அதனால் அடாப்டருக்குக் காசு செலவழிக்குமுன் ஒரு கைவிளக்கை எடுங்கள். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து ஒளியை அடித்து, முன்பக்கம் சற்றே சாய்வாகப் பாருங்கள். நூல் நூலாகவோ புகைமூட்டமாகவோ தெரிந்தால் அந்த லென்ஸை ஒதுக்கிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில், அதுவும் துத்தநாகக் கூரை வீட்டில், பூஞ்சைக்கு விருந்துதான். தப்பியவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

பழைய லென்ஸ் புதிய கேமராவில் உட்காருவதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. 1959-இல் வந்த எஃப் வகை நிக்கானில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி மேலே எழும்ப இடம் வேண்டியிருந்தது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. உங்கள் இசட் வகையில் அந்தத் தூரம் 16 மி.மீ. மட்டும். மிச்சமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வெற்று வளையம்தான் அடாப்டர். வளையத்துக்குள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை, ஆகவே படத்தின் தரமும் குறையாது. கையால் திருகும் மூன்று லென்ஸுக்கும் மலிவான உலோக வளையமே போதும். ஆட்டமில்லாமல் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உங்கள் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதை அதற்கு நீங்கள்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறை லென்ஸ் மாற்றும்போதும் மெனுவில் அதை மாற்ற மறக்காதீர்கள்.

80-200-இல்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிக்கானின் சொந்த அடாப்டர் வாங்கினால் ஆட்டோஃபோகஸ் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களுடைய 'டி' வகையில் வராது. அந்த லென்ஸைத் திருப்பும் மோட்டார் பழைய கேமராவின் உடலில் இருந்தது. அந்த அடாப்டரில் மோட்டார் இல்லை. உங்களிடம் அது ஒரு கனமான, கையால் திருகும் லென்ஸ். மோட்டார் உள்ள பழைய நிக்கான் வைத்திருப்பவருக்கோ அது முழு மதிப்புள்ள பொருள். அப்படிப்பட்டவரைத் தேடி விற்றுவிடுங்கள். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

105 மி.மீ.யை மட்டும் யார் கேட்டாலும் விற்காதீர்கள். மணமகளை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுக்கும் படங்களுக்கு அது போதும், அதற்கு மேலும்தான். ஃபோகஸ் விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், பட்டுச் சேலையின் சரிகை முழுதும் சிவந்து கண்ணை ஏமாற்றும். படத்தைப் பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். துளையை 2.5-க்குத் திறந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால், கூர்மையாக விழும் ஆழம் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். மூக்குத்தி தெளிந்தால் ஜிமிக்கி மங்கும்.

ஐயர் "கெட்டிமேளம்" என்று கையசைத்ததும் மண்டபமே எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், யாரோ ஒரு மாமாவின் கைப்பேசி குறுக்கே வரும். மூன்று முடிச்சு விழுவதற்குள் நீங்கள் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால், அந்தப் படம் போனது போனதுதான். மாப்பிள்ளையை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. 600 வெள்ளி கொடுப்பவர்கள் முக்கியமாக அந்த ஒரு நொடிக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒன்றே ஒன்று. உங்கள் கேமராவுக்கென்றே வந்த 24-70 எஃப் 4 லென்ஸ் பலரிடம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 1,500 வெள்ளி என்று இலக்கு வையுங்கள்.

600-இல் பெட்ரோல், உதவிக்கு வரும் பையன், ஆல்பம் எல்லாம் போக 400 நிற்கும் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு திருமணத்துக்கும் 250 தனியாகப் போடுங்கள். ஆறு திருமணத்தில், அதாவது மூன்று மாதத்தில், தொகை சேர்ந்துவிடும். 80-200 விற்றால் இன்னும் சீக்கிரம். அதுவரை திருமண நாளுக்கு மட்டும் ஒரு ஆட்டோஃபோகஸ் லென்ஸை ஈப்போவில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அல்லது உங்களைப் போலவே இசட் கேமரா வைத்திருக்கும் நண்பரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 3,200 வெள்ளி சேமிப்பு அப்படியே கிடக்கட்டும். அம்மாவோடு இருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிச் செலவு சொல்லிக்கொண்டு வராது.

வாங்கும் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள், அடாப்டர் உட்பட. வேலை இப்படியே வந்துகொண்டிருந்தால் தொழிலை எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்துவிடுங்கள், கடைப்பெயரில் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் 30.

இன்னொன்று. கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால், "அம்மா பிடிக்கும் கூட்டு (சீட்டு) பணம் அடுத்த மாதம் வருகிறது, அதை எடுத்துக்கொள்ளவா" என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.