விடையில்லாத கணக்கில் ஆராய்ச்சி செய்யலாமா?

"ஐம்பது வருடமாக யாரும் முடிக்காத கணக்கை என் பெண் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறாளே, படிப்பு எப்போது முடியும், வேலை எப்போது கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பயப்படுவோமே.

செல்போன் போன்ற கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிய கணக்கு அது. ஒருவர் அனுப்ப ஒருவர் வாங்கும் தடத்தில் பிழையில்லாமல் அதிகபட்சம் எவ்வளவு தகவல் போகும் என்பதற்குக் கணித அறிஞர் ஷானன் 1948-லேயே வழி சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் பல ஆன்டெனா வைத்தால் அந்த அளவு பல மடங்காகும் என்று 1990-களில் ஃபோஷினி, டெலடார் என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஒரே அலைவரிசையில் இரண்டு ஜோடிகள் (அனுப்புபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் சேர்ந்தது ஒரு ஜோடி) ஒரே நேரத்தில் பேசினால், ஒருவர் சிக்னல் அடுத்தவருக்கு இடைஞ்சல். ஆளுக்கு ஒரே ஓர் ஆன்டெனா என்றாலும்கூட பிழையில்லாமல் ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு அனுப்பலாம் என்ற முழு எல்லை இன்னும் தெரியாது. உங்கள் மகள் எடுத்திருப்பது இந்தக் கணக்கைத்தான். பல ஆன்டெனா வந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, இத்தனை வருடமாக எல்லாரும் சும்மாவா இருந்தார்கள்? 1975-ல் கார்லியல் என்ற ஆராய்ச்சியாளர் ஒன்று சொன்னார்: இடைஞ்சல் மிக மிக வலுவாக இருந்தால் அதனால் நஷ்டமே இல்லை. முதலில் அதையே புரிந்துகொண்டு, கழித்துவிட்டு, நம் செய்தியைப் படித்துக்கொள்ளலாம். எனக்கு இது இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. 2008-ல் எட்கின், சே, வாங் மூவரும் இரண்டு ஜோடிக் கணக்கில் சரியான விடைக்கு ஒரு பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு) தொலைவுவரை வந்தார்கள். அதே ஆண்டு கடம்பேயும் ஜாஃபரும், சிக்னல் வலுவாக இருந்து தடமும் மாறிக்கொண்டிருந்தால், எத்தனை ஜோடி சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் கிடைப்பதில் ஏறக்குறைய பாதியைப் பெறலாம் என்று நிரூபித்தார்கள். கடம்பே அப்போது ஆராய்ச்சி மாணவர். முழுக்கணக்கை அவரும் முடிக்கவில்லை, பட்டம் வாங்கிவிட்டார்.

அதனால் என் கவலை வேறு இடத்தில். வேலைக்கான விளம்பரத்தில் இந்தத் தலைப்பின் பெயர் அநேகமாக இருக்காது. மோடம் சிப், நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்கள் சிக்னல் பிராசசிங் (சிக்னலிலிருந்து செய்தியைக் கணக்கிட்டுப் பிரித்தெடுக்கும் துறை) தெரிந்தவரைத் தேடும். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கைவந்தவர், எழுதிய சூத்திரத்தை சி++ அல்லது பைத்தானில் ஓட்டிக் காட்டக்கூடியவர் அவர்களுக்கு வேண்டும். தேற்றம் மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் நேர்காணலில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகளிடம் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். முதல் வருடத்துக்குள் முடிக்கக்கூடிய சிறு பகுதி எது, அதற்கான சிமுலேஷனை யார் எழுதுவது, கைடிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் அந்தக் கைடிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பதில்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.